கலைஞரின் 13 வெற்றிகளும் நடுவே இரண்டு இடைவெளிகளும்

வாவிக்கரை
வெள்ளி, இரவு 8.40

போன கிழமை பரணைத் துப்புரவாக்கப் போய் அப்பாவின் அளவுக் கொப்பிகள் ஒரு சாக்கு நிறைய அகப்பட்டன. அப்பா மட்டக்களப்பு டவுனில் தையல்கடை வைத்திருந்தவர். மெஷினுக்குப் பக்கத்து ராக்கையில் ஒரு றேடியோ இருக்கும். காலையில் ஆகாசவாணித் தமிழ்ச் செய்தி, பொழுது பட்டால் திருச்சி. கொப்பியின் இடப்பக்கம் ஆட்களின் அளவு. வலப்பக்கம் அன்றைக்குக் கேட்டதில் மனதில் பட்ட ஒரு வரி. 1978 நவம்பர் சூறாவளியில் கடைக் கூரை போனபோது அதற்கு முந்திய கொப்பிகள் நனைந்து கூழாகிவிட்டன. மிஞ்சியது 1979க்குப் பிறகு எழுதியவை மட்டும்.

அந்த வரிகளில் கலைஞர் கருணாநிதிதான் அதிகம் வருகிறார். 1980இல் "அண்ணாநகர். மு.க. 699. தப்பினார்" என்று இருக்கிறது. எம்.ஜி.ஆர். கட்சியின் எச்.வி.ஹண்டேயை அவர் 699 வாக்கில்தான் வென்றார். 1983 ஆகஸ்ட் பக்கத்தில் இடுப்பு 34, நீளம் 40 என்று ஒரு காற்சட்டை அளவு. அதற்கு நேரே "மு.க., பேராசிரியர் எம்.எல்.ஏ. பதவி விலகல். எங்களுக்காக." பேராசிரியர் என்றது க.அன்பழகனை. அந்தக் கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு, பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி.

அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை 13 தடவை சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டார், 13 தடவையும் வென்றார். ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. ஆனாலும் அந்த 60 வருடத்தில் அவர் சட்டமன்ற உறுப்பினராக இல்லாத காலம் இரண்டு உண்டு. ஒன்று 1983இல் பதவி விலகியதில் இருந்து 1989 வரை. மற்றது 1991இல் துறைமுகம் தொகுதியில் வென்றும் பதவியை விட்டதில் இருந்து 1996 வரை. முதலாவது இங்கே தமிழருக்கு எதிராக நடந்த கறுப்பு ஜூலை வன்முறைக்காக. இரண்டாவது ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு. இரண்டு இடைவெளியிலும் நம்முடைய தீவின் பெயர் எழுதியிருக்கிறது.

இங்கே அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் போர் முடிந்த 2009இல் தொடங்கி 2009இலேயே முடிகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முழு ஆளையும் வைத்துப் பேசலாமா என்று கேட்கத்தான் இந்த இழை.

செங்கலடியான்
வெள்ளி, இரவு 9.25

அண்ணன், உங்கட அப்பாவின் எழுத்தை மதிக்கிறேன். ஆனால் என்னால் 2009இல் இருந்துதான் தொடங்க முடியும்.

என் அக்கா முடித்தது வன்னியில். அந்த ஏப்ரலில் அக்கா குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நாங்கள் செங்கலடி வீட்டில் விடிந்தால் டிவி, படுக்கும்போது டிவி. ஏப்ரல் 27 காலையில் கலைஞர் அண்ணா சமாதியில் உண்ணாவிரதம் இருக்கிறார் என்று காட்டினார்கள். அம்மா எழும்பிப் போய்ச் சாமிப்படத்துக்கு விளக்கு ஏற்றினா. இனி டெல்லி சும்மா இருக்காது என்றா. பகல் சோற்றுக்கு முன்னம் உண்ணாவிரதம் முடிந்துவிட்டது. கனரக ஆயுதம் பாவிக்க மாட்டோம் என்று இலங்கை அரசு சொல்லிவிட்டதாம், அதனால் முடித்தாராம். அதற்குப் பிறகும் குண்டு விழுகிறதே என்று கேட்டவர்களுக்கு, மழை விட்ட பிறகும் தூவானம் இருக்கும் என்கிற மாதிரிப் பதில் சொன்னார்.

தூவானம். அந்தச் சொல்லை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமையில்தான் அக்காவின் மூத்த பெடியன் போனான்.

2008 அக்டோபரில் சர்வகட்சிக் கூட்டம் கூட்டி, இரண்டு கிழமைக்குள் போர் நிற்காவிட்டால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்றார். தி.மு.க. எம்.பி.க்களின் விலகல் கடிதம் சபாநாயகருக்குப் போகவில்லை, தலைவரின் கைக்குப் போனது. பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து பேசினார், கதை முடிந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்த அதே மே மாதத்தில் சக்கர நாற்காலியில் டெல்லிக்குப் போய் மந்திரிப் பதவி பேசினார்கள். 1983இல் கடிதம் கொடுத்த கைக்கு 2009இல் என்ன வந்தது? இதற்குப் பதில் சொல்லுங்க, மற்றதைப் பிறகு பேசுவோம்.

கல்முனை_சேர்
வெள்ளி, இரவு 10.10

தம்பி செங்கலடியான், உங்கட மருமகனுக்காக மனம் நோகிறது. அந்தக் கோபத்துக்குப் பதில் எழுத நான் வரவில்லை. படிப்பித்த ஆள் என்ற வகையில், 1983க்கும் 2009க்கும் நடுவில் நடந்ததை மட்டும் வரிசைப்படுத்தப் பார்க்கிறேன்.

1983இல் அவர் எதிர்க்கட்சித் தலைவர். பதவி விலகியதால் போனது அவருடைய ஆசனம், அவருடைய சம்பளம். ஆட்சி எம்.ஜி.ஆரிடம் இருந்தது. அந்த விலகல் டெல்லியை அசைத்ததா என்றால், பெரிதாக இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் நம்முடைய பிரச்சினையை இரண்டு பெரிய கட்சிகளும் போட்டி போட்டுத் தூக்குகிற நிலைமை வந்தது. 1985இல் டெசோ என்ற தமிழீழ ஆதரவாளர் அமைப்பு, 1986 மே மாதம் மதுரையில் மாநாடு, எல்லாம் அதன் தொடர்ச்சி.

பிறகு 1989 ஜனவரியில் 13 வருடம் கழித்து முதலமைச்சர் ஆனார். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை திரும்பிப் போய்ச் சென்னையில் இறங்கியபோது வரவேற்கப் போகவில்லை. ஒரு மாநில முதலமைச்சர் தன் நாட்டு இராணுவத்தை வரவேற்க மாட்டேன் என்பது இந்தியாவில் சின்ன விசயம் இல்லை. மட்டக்களப்பு, அம்பாறையில் அந்தப் படையோடு வாழ்ந்தவர்களுக்கு அவர் ஏன் போகவில்லை என்று விளங்கும்.

அதே வருடம் ஜூன் 19இல் சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற இன்னொரு ஈழ இயக்கத்தின் தலைவர் பத்மநாபாவையும் கூட இருந்தவர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் தப்பிப் போனார்கள். அது கலைஞரின் பொலிசுக்கு விழுந்த பெரிய கறை. விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுக்கிறார், சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்ற குற்றச்சாட்டில் 1991 ஜனவரி 30இல் சந்திரசேகர் அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கலைத்தார்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை, மே 21 ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை. தேர்தலில் கட்சி துடைத்தெறியப்பட்டது. துறைமுகம் தொகுதியில் அவர் வென்றது 890 வாக்கில். தோல்விக்குப் பொறுப்பெடுத்து அந்த ஆசனத்தையும் விட்டார்.

ஆக 1976இல் ஒரு தடவை, 1991இல் ஒரு தடவை, இரண்டு தரம் ஆட்சியைப் பறிகொடுத்த மனிதர். இரண்டாவது தரம் பறிபோனது நம்முடைய பெயரால். 2009இல் அவர் ஏன் அப்படி நடந்தார் என்பதற்கான விடையில் ஒரு பங்கு அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சரியாக நடந்தார் என்று சொல்ல வரவில்லை. பயந்தார் என்று சொல்கிறேன்.

செங்கலடியான்
வெள்ளி, இரவு 10.31

சேர், பயம் என்றால் அதை வெளியே சொல்லியிருக்கலாம். எங்களால் ஒன்றும் ஏலாது, வேறு வழி பாருங்கள் என்று அக்டோபரிலேயே சொல்லியிருந்தால் போதும். நம்ப வைத்ததுதான் என் கோபம். அம்மா விளக்கு ஏற்றியது அதை நம்பித்தானே.

கல்முனை_சேர்
வெள்ளி, இரவு 10.44

அதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. நீங்கள் சொல்வது சரி.

தம்பிலுவில்_வட்டை
சனி, காலை 6.15

வணக்கம். நான் 1994இல் பிறந்தவன். எனக்குக் கலைஞர் என்றால் கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, கரகரத்த குரல், அவ்வளவுதான். இரவு இதை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை.

எனக்கு ஒரு கேள்வி. நம்முடைய பிரச்சினையை விடுவோம். 60 வருடம் ஓர் ஆளை மக்கள் திருப்பித் திருப்பித் தெரிந்தெடுக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அவர் ஏதோ செய்திருக்கத்தானே வேணும்? பேச்சும் எழுத்தும் மட்டும் போதுமா? ஒரு மாநில முதலமைச்சரிடம் என்ன அதிகாரம் இருந்தது, அதை வைத்து என்ன செய்தார்? நமக்கும் ஒரு மாகாணசபை இருந்தது. 2008இல் ஒரு தேர்தல், 2012இல் ஒரு தேர்தல், 2017 செப்டம்பரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர் கையில். அது இருந்தபோது எங்கட வட்டைக்கு என்ன வந்தது என்று அப்பாவிடம் கேட்டால் கையை விரிக்கிறார்.

கல்முனை_சேர்
சனி, காலை 9.05

நல்ல கேள்வி மகன். மாகாணசபையைக் கொண்டுவந்த நம்முடைய 13ஆவது திருத்தம் 1987இல் இந்திய மாநில முறையைப் பார்த்து வந்ததுதான். அதனால் இந்த ஒப்பீடு நமக்கு மிகவும் தேவை.

மாநில சுயாட்சி என்பதை அவர் வாயால் மட்டும் சொல்லவில்லை. 1969இல் முதலமைச்சரானதும் மத்திய, மாநில உறவை ஆராய இராஜமன்னார் குழுவை அமைத்தார். 1971இல் அறிக்கை வந்தது. 1974இல் சட்டமன்றத்தில் தீர்மானமே போட்டார். சுதந்திர தினத்தில் கோட்டையில் கொடியேற்றுவது ஆளுநராகத்தான் இருந்தது. முதலமைச்சருக்கு அந்த உரிமை வேண்டும் என்று கேட்டு வாங்கி, 1974 ஆகஸ்ட் 15இல் சென்னைக் கோட்டையில் அவர் ஏற்றினார். இன்றைக்கு இந்தியாவில் எந்த மாநில முதலமைச்சர் கொடியேற்றினாலும் அந்த உரிமை அவர் வாங்கிக் கொடுத்தது. இங்கே மாகாணசபையில் ஒரு சின்ன நியமனத்துக்கும் ஆளுநரின் கையெழுத்துக்கு அலைந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொடியின் அருமை விளங்கும்.

பிறகு கையில் இருந்த அதிகாரத்தை வைத்து என்ன செய்தார் என்று பாருங்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம். மனிதனை மனிதன் இழுக்கிற கைரிக்சாவை ஒழித்தது. 1989இல் இந்துப் பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் ஆண்களோடு சம பங்கு. மத்திய அரசு இந்தியா முழுவதற்கும் அதைச் செய்ய 2005 ஆனது. அரச வேலையில் பெண்களுக்கு 30 வீதம். 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 வீதத் தனி ஒதுக்கீடு. எங்கட பக்கத்தில் ஆட்கள் இதை அந்த நேரமே கவனித்தார்கள். தி.மு.க. மேடைகளில் பாடிய நாகூர் ஹனீபாவின் குரல் நோன்பு மாதத்தில் கல்முனை, சாய்ந்தமருது வீடுகளில் கேட்காத நாள் இல்லை. அவர் வழியாகக் கலைஞர் எங்கட வாப்பாமாருக்கும் தெரிந்தவர்தான்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சமத்துவபுரம். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது. ஓர் ஊருக்கு 100 வீடு. 40 வீடு தலித் மக்களுக்கு, பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 25, மற்றவர்களுக்கு 10. ஒரே தெரு, ஒரே கிணறு, ஒரே சுடுகாடு. எல்லா இடத்திலும் நினைத்தது போல நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் அரசு வீடு கட்டும்போது யார் பக்கத்தில் யார் இருப்பது என்பதையும் சேர்த்து யோசித்தது. 1990க்குப் பிறகு இங்கே தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் வந்த வேலியைத் தினமும் தாண்டிப் பள்ளிக்கூடம் போன ஆள் நான். சுனாமிக்குப் பிறகு எவ்வளவு வீட்டுத்திட்டம் வந்தது. தமிழருக்கு ஒரு திட்டம், முஸ்லிமுக்கு ஒரு திட்டம், தனித்தனியாக. இரண்டையும் கலந்து ஒன்றைக் கட்டுவோம் என்று ஒரு மேசையிலாவது யாராவது பேசினார்களா?

வாவிக்கரை
சனி, காலை 10.20

சேர், அந்தக் கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். எங்கட ஊர் எல்லை வீதியும் அப்படித்தான். அப்பாவின் கடையில் பட்டன் துளை போட்டது காத்தான்குடிக்காரர் ஒருவர். 90க்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

தம்பிலுவில்_வட்டை
சனி, காலை 11.02

சேர், உழவர் சந்தையும் அவர் செய்ததுதானே? யூடியூப்பில் பார்த்திருக்கிறேன்.

கல்முனை_சேர்
சனி, பகல் 12.15

ஓம். 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதல் சந்தை. தோட்டம் செய்கிற ஆளுக்குப் படத்தோடு அடையாள அட்டை. அட்டை இல்லாத தரகருக்கு உள்ளே இடம் இல்லை. தராசு இலவசம். ஒவ்வொரு காலையும் அதிகாரிகள் விலையைத் தீர்மானித்துப் பலகையில் எழுதுவார்கள், மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே. விடியக்காலை ஊர்களில் இருந்து மூட்டையோடு வர பஸ் ஒழுங்கும் செய்தார்கள். 2001இல் ஆட்சி மாறியதும் கவனிப்பாரில்லாமல் போனது. 2006இல் அவர் திரும்பி வந்ததும் மறுபடி உயிர் கொடுத்தார்.

தம்பிலுவில்_வட்டை
சனி, பகல் 12.40

இதை வாசிக்க வயிறு எரிகிறது சேர். எங்கட மாமா படுவான்கரையில் கத்தரியும் வெண்டியும் போடுகிறார். விடிய 3 மணிக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு பாலத்தால் இங்கால வருவார். சந்தை வாசலில் நிற்கிற ஆள் மூட்டையைத் திறந்து ஒரு கத்தரிக்காயை அமத்திப் பார்த்துவிட்டு விலை சொல்லுவார். மாமா ஒன்றும் பேசுவதில்லை, தலையை ஆட்டுவார். இரண்டு மணித்தியாலம் கழித்து உள்ளே அதே கத்தரி இரண்டு மடங்கு விலைக்கு விற்கும், மாமாவின் சாக்கோடு. சாக்கில் மாமாவின் பெயர் மையினால் எழுதியிருக்கும். நான் கண்ணால் கண்டது.

ஒரு தராசும் ஒரு பலகையும் ஓர் அட்டையும். இதற்குப் பொலிஸ் அதிகாரமும் வேண்டாம், காணி அதிகாரமும் வேண்டாமே?

செங்கலடியான்
சனி, பகல் 1.10

தம்பி, அது சரியான கேள்வி. அதற்கு நானும் கைதூக்குகிறேன். மாகாணசபைக் காலத்தில் எங்கட பக்கத்திலும் கட்டிடம் கட்டினார்கள், கல்வெட்டில் பெயர் போட்டார்கள், நாடா வெட்டினார்கள். உள்ளே யார் விற்பது என்ற ஒழுங்கை மட்டும் ஒருவரும் தொடவில்லை. தரகரைக் கேட்டால் அவருக்கு மேலே ஓர் ஆள் இருக்கும்.

ஆனால் கலைஞரைப் பற்றி ஒரு பக்கத்தையே எழுதுகிறீர்கள். குடும்பம்? மகன் மத்திய மந்திரி, மகன் துணை முதலமைச்சர், மகள் எம்.பி., அக்காவின் பேரன் மத்திய மந்திரி. 2ஜி அலைக்கற்றை ஊழல் வழக்கில் கட்சி மந்திரியும் மகளும் சிறைக்குப் போனார்கள். 2017இல் விடுதலை ஆனார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் 14 வயதில் இந்தி எதிர்ப்புக்குக் கொடி பிடித்து இறங்கிய பெடியன் கடைசியில் கட்சியை வீட்டுக்குள் வைத்து முடித்துவிட்டார். 49 வருடம் ஒரே ஆள் தலைவர்.

வாவிக்கரை
சனி, மாலை 5.30

அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கும் அது பிடிக்காது. 1993இல் வைகோவை வெளியேற்றியபோது றேடியோவை மூடிவிட்டு, ஒரு துணியை எடுத்து வெட்டத் தொடங்கியவர், பிழையாக வெட்டிவிட்டார். 30 வருடத் தொழிலில் அப்பா துணி பிழைத்தது நான் கண்டு அது ஒன்றுதான்.

எப்படி 13 தடவை வென்றார் என்று தம்பி கேட்டதற்கு ஒன்று சொல்லலாம். அவர் நாளாந்தம் கட்சிக்காரருக்குக் கடிதம் எழுதியவர். முரசொலியில் "உடன்பிறப்பே" என்று தொடங்கும். ஆட்சியில் இருந்தாலும் எழுதினார், சிறையில் இருந்தாலும் எழுதினார். அப்பா டவுனில் யாராவது இந்தியாவுக்குப் போய் வந்தால் பழைய முரசொலி இருக்கிறதா என்று கேட்பார். கிடைத்தது இரண்டோ மூன்றோதான். மெஷின் லாச்சிக்குள் நூல்கட்டையோடு மடித்து வைத்திருந்தார். மஞ்சள் பிடித்து, மடிப்பில் கிழிந்து, எண்ணெய்க் கறையோடு. தமிழ்நாட்டை ஒருநாளும் காணாத, ஒரு வாக்கும் போட முடியாத ஒரு தையல்காரனையும் அந்த ஒரு சொல் தம்பியாக்கிவிட்டது. அப்படியானால் குளித்தலையிலும் திருவாரூரிலும் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

முகாம்_பிள்ளை
சனி, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

எங்கட ஊர் வாகரைப் பக்கம். 1990இல் எனக்கு 9 வயது. திருகோணமலை போய், மன்னார் போய், இரவில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம், பிறகு வேறொரு மாவட்டத்தில் ஒரு முகாம். 13 வருடம் இருந்தோம். 10 அடிக்கு 10 அடி அறை, மேலே தார்ச்சீட். பக்கத்து அறையில் யாராவது திரும்பிப் படுத்தாலும் கேட்கும்.

1991 மே 21க்கு முன்னும் பின்னும் எங்களுக்கு இரண்டு தமிழ்நாடு. அதற்கு முன்னம் பள்ளிக்கூடத்தில் என்னைச் "சிலோன் பிள்ளை" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துவார்கள். மே 22 காலையில் ஊர்க்கடையில் அம்மாவுக்குச் சீனி தரவில்லை. முகாமில் தினமும் கணக்கெடுப்பு. ஆறு மணிக்குப் பிறகு வெளியே போக ஏலாது. பெரிய அண்ணாமாரின் கல்லூரி வாசல் மூடியது. 1996இல் ஆட்சி மாறிய பிறகுதான் அந்த வாசல் மறுபடி திறந்தது. என் வகுப்பில் படித்த பிள்ளை ஒன்று அதற்குள்ளால் போய் என்ஜினியர் ஆனா. நான் போகவில்லை, அப்பாவுக்கு நெஞ்சுவருத்தம் வந்துவிட்டது. ஆனால் போகலாம் என்று இருந்ததே, அது பெரிய விசயம். முகாமில் இரவில் விளக்கைச் சுற்றி இருந்து படிக்கிற பிள்ளைகளின் தொகை அந்த வருடம் கூடியதை நான் கண்ணால் கண்டேன். முன்னம் பத்தாம் வகுப்போடு பெயின்ட் அடிக்கப் போய்விடுவார்கள்.

செங்கலடி அண்ணன் சொன்ன ஏப்ரல் 27ஐயும் சொல்கிறேன். அப்போது நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். ஆனால் என் சிநேகிதி இன்னும் முகாமில். அவ போனில் சொன்னா, முகாம் பிள்ளைகளும் அன்று காலையில் சாப்பிடாமல் இருந்தார்களாம், முதலமைச்சரே சாப்பிடவில்லை என்று. பகல் அவர் முடித்துவிட்டார் என்று கேட்டதும் பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டார்களாம். சின்னப் பிள்ளைகள் மட்டும் போர் நின்றுவிட்டதா என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்களாம்.

அந்த இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. எனக்கு இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

செங்கலடியான்
சனி, இரவு 10.20

அக்கா, நன்றி. 1996 பற்றி எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது.

கல்முனை_சேர்
ஞாயிறு, காலை 7.30

பிள்ளை, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். 1991இல் அவர் ஆட்சி போனதால் அடுத்த ஐந்து வருடம் முகாம்களில் இருந்தவர்கள் பட்டது என்ன என்பதை நாங்கள் இங்கே இருந்து யோசித்ததே இல்லை. எங்களுக்கு அந்த வருடங்களில் எங்கட மையத்துகளே போதுமாக இருந்தன.

செங்கலடித் தம்பிக்கு இன்னொன்று. 2013 மார்ச்சில், இலங்கை மீதான ஜெனீவாத் தீர்மானத்தில் இந்தியா போதிய அழுத்தம் கொடுக்கவில்லை என்று சொல்லி அவர் மன்மோகன் சிங் அரசில் இருந்து விலகினார். 2009இல் செய்ய வேண்டியதை நான்கு வருடம் பிந்திச் செய்தார். பிந்தியது என்பதில் நானும் நீங்களும் ஒன்றுதான்.

தம்பிலுவில்_வட்டை
ஞாயிறு, காலை 8.10

நான் மாமாவுக்கு உழவர் சந்தைக் கதையைச் சொன்னேன். மாமா கேட்ட முதல் கேள்வி: "தராசு யாருடைய கையில்?" விவசாயியின் கையில் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பிரதேச சபைக்கு எழுதினால் என்ன என்று அவரே கேட்டார். சந்தை பிரதேச சபையின் கீழ்தானே, மாகாணசபைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இன்று பின்னேரம் அவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கோயிலடியில் கூடுகிறார்கள். கடிதம் நான் எழுதுகிறேன். சேர், எழுதி அனுப்பினால் பிழை திருத்தித் தருவீர்களா?

கல்முனை_சேர்
ஞாயிறு, காலை 8.25

அனுப்புங்கள் மகன். நீட்டி எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும். அடையாள அட்டையையும் விலைப் பலகையையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றை மறுத்தாலும் மற்றது வரும்.

செங்கலடியான்
ஞாயிறு, காலை 9.00

எங்கட பக்கத்திலும் தோட்டக்காரர் இருக்கிறார்கள் தம்பி. கடிதத்தின் ஒரு பிரதி எனக்கும் தாங்க.

வாவிக்கரை அண்ணன், அந்த 1983 பக்கத்தைப் படமெடுத்துப் போடுவீர்களா? அம்மாவுக்குக் காட்ட வேணும்.

முகாம்_பிள்ளை
ஞாயிறு, காலை 9.20

நானும் கேட்க நினைத்தேன் அண்ணன். அந்த இடுப்பு 34 காற்சட்டை யாருடையது? 83 ஆகஸ்டில் அளவு கொடுத்தவர் திரும்பி வந்து எடுத்தாரா?

வாவிக்கரை
ஞாயிறு, காலை 10.05

இங்கே விடிந்ததில் இருந்து மழை, பரணுக்குள் வெளிச்சம் இல்லை. வெளித்ததும் படமெடுத்துப் போடுகிறேன்.

பெயர் இருக்கிறது, அதை இங்கே எழுதவில்லை. கொடுத்த உடுப்புக்கு அப்பா சிவப்புப் பென்சிலால் சரி போட்டுத் தேதி எழுதுவார். இந்த அளவுக்கு நேரே சரி இருக்கிறது, செப்டம்பர் 26. மட்டக்களப்புச் சிறை உடைந்து மூன்றாம் நாள், டவுனெல்லாம் சோதனை. அந்த நேரத்திலும் ஆள் வந்து காற்சட்டையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.